துருப்பிடித்த பழைய கேம்பர் வேனை வீட்டிலேயே சீர்செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் வசிப்பவர், 1974-இல் பதிவான ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் (உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதி உள்ள வேன்) ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறார். பல வருடங்கள் வெட்டவெளியில் நின்ற வண்டி, அடியெல்லாம் துரு. வெல்டிங் தெரியாது. வீட்டு கராஜில் வைத்து இதைச் சரிசெய்ய முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்குவது?

முடியும். வெல்டிங் தெரியாதது பெரிய தடை இல்லை, அதைக் கற்றுக்கொள்ளலாம். இப்படி வாங்கிய வண்டிகள் பாதியில் நின்றுபோவதற்கு நான் பார்த்த வரையில் காரணம் வேறு. வாங்கிய உற்சாகத்தில் முதல் மாதமே கதவு, கண்ணாடி, சீட்டு, வயரிங், எஞ்சின் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டி பெட்டியாக அடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் அந்த வெறும் கூட்டைப் பார்க்கவே மனம் வருவதில்லை. இரண்டு வருடம் கழித்து, 'பாகங்கள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன' என்ற விளம்பரத்தோடு அது விற்பனைக்கு வருகிறது. அதனால் என் பதில் முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: வண்டி எப்போதும் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், தள்ளினால் உருள வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் திறக்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன வண்டி என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகன் இந்த வேனை 1950-இல் செய்யத் தொடங்கியது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த முதல் தலைமுறை 1967 வரை வந்தது. உங்களுடையது அதற்கு அடுத்தது, ஒரே வளைந்த முன்கண்ணாடி உள்ள 'பே விண்டோ'. ஜெர்மனியில் 1979 வரை செய்தார்கள்; பிரேசிலில் அதன் வழிவந்த வண்டி 2013 கடைசி வரை ஓடியது. இந்தப் பே விண்டோவிலேயே முன்னது, பின்னது என்று இரண்டு உண்டு. 1972, 73 வாக்கில் பம்பர், முன்பக்க இண்டிகேட்டரின் இடம், பின்விளக்கு, சில தகடுகள் என்று நிறைய மாறிவிட்டன. பதிவு ஆண்டை மட்டும் நம்பி தகடு வாங்காதீர்கள். ஃபோக்ஸ்வாகனின் மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் ஆகஸ்டிலேயே தொடங்கும். போதாததற்கு, வேன் தொழிற்சாலையிலிருந்து கேம்பராக மாற்றும் பட்டறைக்குப் போய், பிறகுதான் விற்பனைக்கு வந்திருக்கும். 1974-இல் பதிவான வண்டி 1973-இல் பிறந்ததாக இருக்கலாம். வண்டிக்குள் எண்கள் நிறைந்த ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும், 'எம் பிளேட்' என்பார்கள். தயாரான தேதி, நிறம், எஞ்சின், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது எல்லாம் அதில் குறியீடாக உண்டு. அதைப் படம் எடுத்து வையுங்கள். பழைய தகட்டை வெட்டும்போது அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும்.

இன்னொன்று, பிரிட்டனுக்கு வந்த வலதுகை ஸ்டியரிங் வேன்களில் பெரும்பாலும் தள்ளுகதவு இடப்பக்கம் இருக்கும். இடதுகை ஸ்டியரிங் வேன்களில் வலப்பக்கம். தள்ளுகதவுப் பக்கத்து அடித்தகடும் மறுபக்கத்து அடித்தகடும் வேறு வேறு. ஆர்டர் கொடுக்கும்போது கதவு எந்தப் பக்கம் என்று சொல்லாமல் வாங்கினால் தவறான தகடுதான் வீடு வந்து சேரும்.

சரி, துருவுக்கு வருவோம். இந்த வண்டிக்குத் தனியாகக் கழற்றக்கூடிய சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடலும் சேஸிஸும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. நடுவே நீளமாக ஓடும் இரண்டு சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் (அவுட்ரிக்கர்), அந்தக் கைகள் போய்ச் சேரும் சில் எனப்படும் கதவடிப் பெட்டிகள். இந்த மூன்றும் சேர்ந்துதான் தரையையும் கூரையையும் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே வெளியே தெரியும் தகடு ஒரு மூடி மாதிரிதான். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு அடுக்கு உண்டு. வெளித்தகட்டில் ஒரு காசு அளவுக்குக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே கையளவு ஓட்டை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் உள்ளிருந்து வருகிறது? இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கும் இடுக்கில் தண்ணீர் போனால் சீக்கிரம் காயாது. இடுக்கின் உள்பகுதிக்குக் காற்று குறைவு, வெளிவிளிம்புக்கு அதிகம். ஆக்ஸிஜன் குறைந்த அந்த உள்பகுதிதான் கரையத் தொடங்கும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த ஈரத்தில் கலந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும், உப்பு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால் இரண்டு தகடுகளும் விரிந்து பிரியும். இணைப்பு ஓரம் பருத்து வளைந்து தெரிகிறதே, அது இதனால்தான். கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடங்களிலிருந்து இறக்குமதியான வேன்களுக்கு இங்கே அதிக விலை கொடுப்பதும் இதற்காகவே.

ஒரு பழைய திருப்புளி, ஒரு காந்தம், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். அதற்கு முன் வண்டியை ஜாக்கியால் தூக்கி, நல்ல ஸ்டாண்டுகளில் இறக்கி, கையால் உலுக்கிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கி செருகும் இடங்களையும் தொடாதீர்கள், இந்த வயதில் அவை பெரும்பாலும் பெயரளவுக்குத்தான் இருக்கும். ஸ்டாண்டை நடுச்சட்டங்களுக்கு அடியில், உறுதியாக இருக்கும் இடம் பார்த்து வையுங்கள்.

முதலில் முன் அச்சு பொருந்தும் இடமும், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் சட்டமும். இங்கே திருப்புளி உள்ளே போனால், இது வீட்டு வேலையா என்று மறுபடி யோசிக்க வேண்டும். அடுத்து அவுட்ரிக்கர்கள், ஜாக்கி இடங்கள், சில்கள். பிறகு ஓட்டுநர் காலடித் தரையும் முன்சக்கர வளைவும். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று நுழையும் கிரில் வழியாக மழைநீர் உள்ளே வந்து அங்கேதான் இறங்கும். முன்கண்ணாடியின் கீழ் மூலைகளில் ரப்பரை லேசாக நெம்பிப் பாருங்கள். பின்பக்கம் எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு அமிலத்தால் அரித்திருக்கும், அதைத் தாண்டிப் பின் மூலைகள். கூரையோர மழைநீர்க் கால்வாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதைச் சரிசெய்வதுதான் இருப்பதிலேயே பொறுமையைச் சோதிக்கும் வேலை. காந்தம் ஒட்டாத இடம் எல்லாம் பட்டி. அதற்கு அடியில் செய்தித்தாள், கம்பிவலை, கட்டட நுரை என்று எதுவும் இருக்கலாம்.

இந்த ஆய்வு முடிந்த பிறகு ஒரு முடிவு எடுங்கள். சில், அவுட்ரிக்கர், தரை, முன் மூலைகள் வரைக்கும் பரவாயில்லை. புதிய தகடுகள் எல்லாம் கிடைக்கின்றன, ஒரு புதியவர் மெதுவாகச் செய்யலாம். நடுச்சட்டங்கள் நீளத்துக்கு இற்றுப்போய், கூரைக் கால்வாயும் போய்விட்டதென்றால் விற்றுவிட்டு வேறு பாருங்கள். அது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டறையில் கொடுத்து முழுமையாகச் செய்தால் பல பத்தாயிரம் பவுண்டு ஆகும் வேலை அது. அதே காசில் நல்ல நிலையில் உள்ள வண்டி கிடைக்கும்.

வெல்டிங்குக்கு, வாயு சிலிண்டரோடு வேலை செய்யும் சின்ன மிக் மெஷின் (வெல்டு கம்பி சுருளிலிருந்து தானாக வரும் வகை) வாங்குங்கள். வாயு இல்லாமல் ஓடும் மலிவு மெஷின் இந்த மெல்லிய தகட்டுக்குச் சரிப்படாது, ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டியின் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம். அதற்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானில் கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த வாயு, 30 ஆம்பியர் அளவுக்குக் கீழே இறங்கக்கூடிய மெஷின். உள்ளூர்க் கல்லூரிகள் சிலவற்றில் மாலைநேர வெல்டிங் வகுப்பு உண்டு, அதில் சேருவது நல்ல முதலீடு. பழகுவதற்குப் புதுத் தகட்டை வீணாக்க வேண்டாம். வண்டியிலிருந்து வெட்டிய பழைய தகட்டில் நல்ல பகுதியை எடுத்துப் பழகுங்கள், கனம் அதேதான். இரண்டு துண்டை வெல்டு செய்து, வைஸில் கவ்வி முன்னும் பின்னும் மடக்கி உடையுங்கள். தகடு கிழிந்து வெல்டு நின்றால் நீங்கள் தயார். வெல்டு அப்படியே பிரிந்து வந்தால் இன்னும் பழக வேண்டும். மேலே அழகாகத் தெரியும் வெல்டு உள்ளே பிடிக்காமலே இருக்கலாம், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு போடக்கூடாது. தகடு சூட்டில் நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அந்த முனையில், ஆறவிட்டு நடுவில் ஒன்று என்று போய், கடைசியில் இடைவெளிகளை நிரப்பி முழுக்கோடாக்க வேண்டும். தொழிற்சாலையில் புள்ளி வெல்டு போட்ட இடங்களில், மேல் தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்குள் வெல்டால் நிரப்பினால் அதே பலம் கிடைக்கும். ஓட்டையின்மேல் துண்டுத் தகடு ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்த பிறகுதான் புதியது. துருவோடு சேர்த்து வெல்டு செய்ய முடியாது, பக்கத்தில் மிச்சம் விட்ட துரு மறுபடி வரும்.

சில் வேலையில்தான் வண்டி கோணலாகும். சில்தான் கதவு வாசலின் உத்தரம். அதை வெட்டி எடுத்தால் மேலிருக்கும் எடை நடுவில் தொய்ந்துவிடும். அந்த நிலையில் புதிய தகட்டை வெல்டு செய்தால் தொய்வு அப்படியே நிரந்தரமாகிவிடும், கதவு எந்தக் காலத்திலும் சரியாகச் சாத்தாது. அதனால் வெட்டுவதற்கு முன்:

வண்டியைச் சமதளத்தில், அதன் எடை அச்சுகளின்மேல் இருக்கும்படி நிறுத்துங்கள். கதவு வாசல்களில் குறுக்காகச் சதுர இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்து இறுக்குங்கள். வாசலின் மூலைவிட்ட அளவுகளை எழுதி வையுங்கள். கதவுகளைக் கழற்றாதீர்கள், அவைதான் உங்கள் அளவுகோல். புதிய சில்லைக் கிளாம்பால் பிடித்து, கதவைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்து, புள்ளி வெல்டு போட்டு, மறுபடி சாத்திப் பாருங்கள். சரியாக இருந்தால்தான் முழு வெல்டு. ஒரு பக்கம் முழுதாக முடியும்வரை மறுபக்கத்தில் கிரைண்டரை வைக்கவே கூடாது.

வேலை வரிசையும் இதிலிருந்தே வரும். முதலில் அவுட்ரிக்கரும் ஜாக்கி இடமும், பிறகு உள் சில், தரை, நடு அடுக்கு, கடைசியாக வெளிச் சில். வெளித்தகட்டை மூடுவதற்கு முன் உள்ளே துத்தநாக ப்ரைமர் அடித்துவிடுங்கள். மூடிய பிறகு அங்கே கை போகாது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வீட்டு கராஜில் ஆபத்தானது இதுதான். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின்பக்கம் வெல்டு செய்வதானால் பெட்ரோல் டாங்க் வெளியே வர வேண்டும். இந்த வேனில் அது கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கிறது, எஞ்சினை இறக்கினால்தான் எடுக்க முடியும். அடியில் பூசிய பழைய தார்ப்பூச்சு எளிதில் தீப்பிடிக்கும், வெல்டு செய்யும் இடத்தைச் சுற்றிச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் உடனே கதவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், ஒரு மணி நேரமாவது பக்கத்தில் இருங்கள். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரிட்டனில் அது முழுதாகத் தடைசெய்யப்பட்டதே 1999-இல்தான். காற்றடித்துத் தூசி தட்டாமல் நனைத்துத் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டை வெல்டு செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வெல்டு செய்தால் வரும் வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும், விளிம்பில் பூச்சை அரைத்து எடுத்துவிடுங்கள்.

துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும் பாஸ்பாரிக் அமிலத் திரவங்கள் கடைகளில் நிறைய. மேலோட்டமான துருவுக்கு அவை நல்லவை. ஓட்டை விழுந்ததற்கும் பெட்டிச் சட்டத்தின் உள்பக்கத்துக்கும் பயன் இல்லை. கழற்றிய சின்ன பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் மின்சாரத்தைச் செலுத்தும் முறை இருக்கிறது. துரு அழகாகக் கழன்று வரும். பாசிட்டிவ் முனைக்குச் சாதாரண இரும்பையே பயன்படுத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள்.

வெல்டு முடிந்த இடத்தில் முதலில் எபாக்ஸி ப்ரைமர், அதன்மேல் இணைப்புகளில் சீலர், பிறகு பெயின்ட். எல்லாம் காய்ந்த பிறகு பெட்டிச் சட்டங்களுக்குள் நீளக் குழாயால் மெழுகு அடிக்க வேண்டும். அது இடுக்குகளில் ஊறி நீரைத் தள்ளிவைக்கும். வெல்டுக்கு முன் மெழுகு அடித்தால் தீப்பிடிக்கும். அடிக்காமலே விட்டால் இவ்வளவு உழைப்பும் சில குளிர்காலங்களில் வீண். சில்லின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை மெழுகாலும் பெயின்டாலும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப் பெயின்டை வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு பாகம் கலக்கும் இன்றைய கார் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அதன் தூவானம் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கக்கூடாது. சாதாரண வடிகட்டி முகமூடியை நம்ப முடியாது. பட்டறையில் கொடுங்கள், அல்லது ரோலரால் தேய்க்கும் எனாமல் போதும் என்று இருங்கள். ரோலரில் பூசி நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய வேன்கள் தெருவில் ஓடுகின்றன. பழைய பெயின்ட் பெரும்பகுதி நன்றாக இருந்தால், செய்த இடங்களுக்கு மட்டும் நிறம் பொருத்திவிட்டு மற்றதை விடுவதும் நல்லது. அந்தக் காலத்துப் பெயின்டை ஒரு முறைதான் இழக்க முடியும்.

எஞ்சினைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. பின்னால் இருப்பது காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், 1974 என்றால் 1600 அல்லது 1800 சிசியாக இருக்கும். நாலே போல்ட்டும் பின் தாங்கியும்தான், ஜாக்கியில் இறக்கிவிடலாம். பல வருடம் நின்றதை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். விசிறியின் கூண்டுக்குள் எலிகள் கூடு கட்டியிருக்கும். காற்று போகாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் ஓரமும் காற்றுக்கு வழிகாட்டுபவை, 'தேவையில்லாத மூடி' என்று யாராவது எடுத்துப் போட்டிருந்தால் திரும்பப் போடுங்கள். 1600 எஞ்சினுக்கு எண்ணெய் 2.5 லிட்டர், குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அத்தனையையும் மாற்றுங்கள், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் சரி. இந்த வேன்கள் எரிந்துபோவதற்கு முக்கியக் காரணமே வெடித்த குழாய். 1600 எஞ்சினின் வெளிக்கூடு மெக்னீசியக் கலவை, தீப்பிடித்துவிட்டால் அணைப்பது கடினம். 2021 முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பரை அது அரிக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போட்டு, சூப்பர் வகை பெட்ரோலே ஊற்றுங்கள். சூடு வரும் வழியையும் பாருங்கள்: இதில் உட்புறம் சூடாவது புகைக்குழாயைச் சுற்றி ஓடும் காற்றால். அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்ஸைடு நேராக உங்கள் படுக்கை அறைக்கு வரும்.

பிரேக்கில் ரப்பர் குழாய், சக்கரச் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிதாக. டயர் 185 ஆர் 14 சி, அதாவது பார வண்டி டயர். கார் டயர் போட்டு விற்ற வேன்களும் உண்டு. நிறை ஏற்றினால் அது தாங்காது.

உள்ளே இருக்கும் அலமாரி, படுக்கை, சமையல் மேடை எல்லாம் ஈரத்தில் உப்பிப் போயிருந்தாலும் உடனே எறியாதீர்கள். அதன் துண்டுகளே புதிய பலகை வெட்டுவதற்கு அச்சு. வெஸ்ட்ஃபாலியா, டெவன், டான்பரி, டார்மொபில் என்று மாற்றிக்கொடுத்த ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு அளவில் செய்தது. சுவருக்குள் கண்ணாடிநார்ப் பஞ்சு அடைக்காதீர்கள், ஈரம் பிடித்து மறுபடி துருவில் முடியும். நீர் ஏறாத நுரைத் தகடு போடுங்கள். சமையல் எரிவாயு இணைப்பை மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆளிடம் காட்டாமல் பயன்படுத்தக் கூடாது.

கடைசியாகக் காகிதம். வேலை நடக்கும் காலம் முழுக்க, வண்டி சாலையில் ஓடவில்லை என்று வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அறிவித்துவிடுங்கள். 40 வயது கடந்த வண்டி என்பதால் பழங்கால வண்டி வகைக்கு மாற்ற விண்ணப்பித்தால் சாலை வரி இல்லை. 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி எனப்படும் சாலைத்தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. சாலைக்கேற்ற நிலையில் வைத்திருப்பது இன்னமும் உங்கள் பொறுப்பு. முதல் தடவை ஓட்டும் முன் விருப்பத்தின் பேரில் எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். சீட்பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பொருந்தும் இடங்களுக்கு 30 செண்டிமீட்டருக்குள் செய்த தகட்டு வேலையைச் சோதனை செய்பவர் தனிக் கவனத்தோடு பார்ப்பார், ஓரம் முழுதும் தொடர்ந்து வெல்டு செய்யப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டில், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையைக் கேளுங்கள். அதற்கு வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு சுலபமாகும். பிற்காலத்தில் விற்கும்போதும், மூடிய சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவர் கேட்டால் காட்டலாம்.